கை தெரியாத கொன்னக்கோல்

கொன்னக்கோல் என்பது 'தகதிமி', 'தகிட' போன்ற தாளச் சொற்கட்டுகளைக் கையில் தாளம் போட்டுக்கொண்டே வாயால் சொல்லும் கர்நாடக இசைக் கலை. கைபேசியில் சுற்றிவரும் கொன்னக்கோல் காணொளிகளில் பெரும்பாலானவை முகத்தை மட்டும் காட்டுகின்றன. நெற்றி, கண், படபடக்கும் உதடு, கழுத்து, அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. தொடையில் தாளம் போடும் கை படச் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. கீழே கருத்து எழுதுகிறவர்களும் நாக்கின் வேகத்தைத்தான் வியக்கிறார்கள். அந்த வேகம் வியக்கத் தக்கதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையை வெட்டிவிட்ட பிறகு மிஞ்சுவது கொன்னக்கோலில் பாதி. அதிலும் எளிய பாதி. நாக்கு ஆறு மாதப் பயிற்சியில் வேகம் பிடித்துவிடும். வாய் என்ன செய்தாலும் அசையாத கை வருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மிருதங்கம் வாசிப்பவருக்கு இரண்டு கையும் வாத்தியத்தின் மேல் இருக்கும். அவர் தாளம் போட முடியாது. பாடகர் போடுகிற தாளத்தைப் பார்க்கிறார், அல்லது மனசுக்குள் ஓட்டிக்கொள்கிறார். நாட்டியத்துக்கு ஜதி சொல்லும் நட்டுவனாருக்குக் கையில் உலோகத் தாளம் இருந்தாலும், அது ஜதியோடும் ஆடுபவரின் காலோடும் சேர்ந்து ஒலிப்பது. சொல் எப்படிப் போகிறதோ அப்படியே அதுவும் போகும். கொன்னக்கோல்காரர் மட்டும்தான் கணக்கை வாயில் ஒரு பக்கமும், அதை அளக்கும் கோலைக் கையில் மறுபக்கமும் சபைக்கு நேராக வைத்துக்கொண்டு உட்காருகிறார். வாய் சொல்வது சரியா என்று கையைப் பார்த்தே முதல் வரிசைக்காரர் சரிபார்த்துவிடலாம். லய வித்தையில் இவ்வளவு திறந்த இடம் வேறு எதிலும் கிடையாது. கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று ஃபுல் பெஞ்ச், அதாவது தாள வாத்தியங்களின் முழு வரிசை, வைத்த காலத்துக் கச்சேரிகளில் கொன்னக்கோலுக்கும் தனி இடம் இருந்தது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளைக்குக் கொன்னக்கோல் என்பதே பெயரோடு ஒட்டிய அடையாளம். பாட்டு நின்று தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கொன்னக்கோல்காரரின் முறை வரும்போது தோல் இல்லை, பானை இல்லை, சத்தத்தில் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. வாயும் கையும் மட்டும்தான். பின்னாளில் இந்த இடம் மேடையில் சுருங்கிப்போனது. 1970களில் இந்திய இசையையும் மேலை இசையையும் கலந்த ஷக்தி குழு வழியாகவும் அதற்குப் பிறகு இணையம் வழியாகவும் இந்தக் கலை உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் கை கழன்றுவிட்டதோ என்பதுதான் என் கவலை.

எழுத்தில் ஏமாறும் வாய்

கைக்கு வருமுன் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாய் தெளிவாக இல்லாவிட்டால் கை சரியா தவறா என்றே தெரியாது. தமிழ் எழுத்தில் சொற்கட்டைப் படித்துப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் இயல்பில், இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரமும் டகரமும் மெலிந்து ஒலிக்கும். 'பகல்', 'படம்' என்று சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் 'தகிட' என்பதைப் படித்தால் நாக்கு எங்கும் அழுந்தாமல் வழுக்கிப் போகும். அந்தச் சொல்லில் வரும் கி 'சக்கி'யில் கேட்கும் கி. ட 'பட்டம்' என்பதில் கேட்கும் ட. இரட்டிக்காமல், அந்த வன்மை மட்டும் வேண்டும். 'தகதிமி'யில் முதல் இரண்டும் வல்லொலி, தி மட்டும் 'பந்தி'யில் வரும் தி. 'ததிகிணதொம்' என்பதில் தி அதேபோல மெல்லியது, கி 'சங்கிலி'யில் வரும் கி. ஆக 'தகிட'வின் கி வேறு, 'ததிகிண'வின் கி வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒலியும் ஒன்றென்று நினைத்தால் மேல்காலத்தில், அதாவது வேகம் கூட்டிச் சொல்லும்போது, எல்லாம் ஒரே கூழாகிவிடும். புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்டவர்களிடம் இந்தக் கூழ் அடிக்கடி கேட்கிறது. சொல்லிக் கேட்டுத்தான் இதைப் பிடிக்க முடியும்.

இந்த வன்மை மென்மைக்கு உடல் சார்ந்த காரணம் உண்டு. த-வுக்கு நாக்கின் நுனி பல்லில் படுகிறது, க-வுக்கு நாக்கின் அடி மேலண்ணத்தில் படுகிறது. நுனி வேலை செய்யும்போது அடி ஓய்வெடுக்கிறது, அடி வேலை செய்யும்போது நுனி ஓய்வெடுக்கிறது. அதனால்தான் 'தகதக' என்று எவ்வளவு வேகமாகவும் சொல்ல முடிகிறது. 'தததத' என்று சொல்லிப் பாருங்கள், சீக்கிரமே நாக்கு மரத்துவிடும். 'தகதிமி'யில் நுனி, அடி, நுனி, உதடு. 'தகஜுணு'வில் நுனி, அடி, நடு, வளைந்த நுனி. நம் முன்னோர் சொற்களைத் தேர்ந்தெடுத்ததில் வாயின் பொறியியல் இருக்கிறது. க மெலிந்தால் அடிநாக்கு அண்ணத்தை முழுக்கத் தொடாது. தொடாவிட்டால் நுனி திரும்பி வருவதற்கான நேரம் குழம்பும், இரண்டு எழுத்து ஒன்றாகிவிடும். தாடையை ஆட்டிச் சொல்வது இன்னொரு தவறு. தாடை கனமான உறுப்பு, நாக்கின் வேகத்துக்கு அது வராது. மோவாயில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு சொல்லிப் பழகினால் தாடை ஆடுவது தெரிந்துவிடும்.

அழுத்தம் விழும் இடம் இன்னும் முக்கியம். புதிதாகப் பழகுகிறவர்கள் கை தட்டும் இடத்திலெல்லாம் வாயிலும் அழுத்திச் சொல்வார்கள். 'தகதிமி' மட்டும் சொல்லும்வரை இது தெரியாது. சதுஸ்ர நடையில், அதாவது தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் (அட்சரம்) நான்கு எழுத்து (மாத்திரை) வீதம் சொல்லும்போது, 'தகிட'வை அடுக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு தகிட சேர்ந்தால் 12 மாத்திரை, மூன்று அட்சரம். முதல் தகிட தட்டின் மேல் தொடங்குகிறது. இரண்டாவது அதே அட்சரத்தின் கடைசி மாத்திரையில், மூன்றாவது அடுத்த அட்சரத்தின் அரையில், நான்காவது மூன்றாம் அட்சரத்தின் இரண்டாம் மாத்திரையில். அழுத்தம் அந்த நான்கு 'த'விலும் விழ வேண்டும். தட்டு விழும் இடத்தில் வாயும் அழுத்தினால், இரண்டாம் அட்சரத்தில் 'கி'யும் மூன்றாம் அட்சரத்தில் 'ட'வும் தூக்கலாகக் கேட்கும். மூன்று மூன்றாகப் போகும் சொல் காதில் நான்கு நான்காகவே விழும். தட்டைக் காட்டுவது கையின் வேலை, சொல்லின் உருவத்தைக் காட்டுவது வாயின் வேலை. ஒன்றின் வேலையை மற்றது எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

ஒரு மாத்திரைக் கார்வை

இப்போது கை. நான் சொல்ல வந்ததெல்லாம் ஒரே ஒரு சின்னத் தீர்மானத்துக்குள், அதாவது மூன்று முறை சொல்லி முடிக்கும் முடிவுச் சொற்கட்டுக்குள், அடங்கிவிடும். அதனால் அதை மெதுவாகவே பார்க்கலாம். ஒரு களை (அட்சரத்துக்கு ஒரு கை அசைவு) ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு என்று 32 மாத்திரை. கை: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. சொல்: 'ததி,கிணதொம்'. இரண்டாம் எழுத்துக்குப் பின் ஒரு மாத்திரை நின்று போவதால் இது ஆறு. இதை மூன்று முறை சொல்ல வேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை, அதாவது சொல்லில்லாத நிறுத்தம். 6, 1, 6, 1, 6. மொத்தம் 20, அதாவது சரியாக ஐந்து அட்சரம். சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து சேர வேண்டுமென்றால் நடுவிரலில், 13-ஆம் மாத்திரையில் எடுக்க வேண்டும். எடுப்பு இவ்வளவு சுலபமாக விரலின் மேலேயே அமைவதால் இதை எளிதான தீர்மானம் என்று நினைப்பார்கள்.

முதல் முறை 13 முதல் 18 வரை ஓடுகிறது. 19 கார்வை. இரண்டாம் முறை 20-இல் தொடங்க வேண்டும். 20 என்பது ஐந்தாம் அட்சரத் தட்டின் கடைசி மாத்திரை, வீச்சுக்கு ஒரே ஒரு மாத்திரை முன்னால். வாய்க்கு இந்த இடம் பிடிக்காது. இன்னும் ஒரே மாத்திரை காத்திருந்தால் வீச்சின் மேலேயே சொல்லை வைத்துவிடலாம் என்று அது ஆசைப்படும். காத்திருந்துவிடும். கார்வை ஒன்று இரண்டாகிவிடும். இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: இரண்டாம் முறை 21-இல், வீச்சின் மேல் தொடங்குகிறது. மறுபடி இரண்டு மாத்திரை நின்றால் மூன்றாம் முறை 29-இல், கடைசி வீச்சின் மேல் தொடங்குகிறது. 13, 21, 29. மூன்றும் அட்சரத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. சொல்பவருக்கு எல்லாம் சரியாகப் போகிறது என்ற நிம்மதி. ஆனால் மூன்றாவது 29-இல் தொடங்கினால் 34-இல்தான் முடியும். தாளம் 32-இல் முடிந்துவிட்டது. இரண்டு மாத்திரை கடன்.

இந்தத் தவறு இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் அது சுகமான தவறு என்பதுதான். தவறான வழி முழுக்க அட்சரத்தின் மேல் போகிறது, சரியான வழி அட்சரத்தைத் தவிர்த்துக்கொண்டு போகிறது. சரியாகச் சொன்னால் முதல் முறை விரலின் மேல், இரண்டாவது வீச்சுக்கு ஒரு மாத்திரை முன்னால், மூன்றாவது 27-இல், ஏழாம் அட்சரத் தட்டின் சரிபாதியில். ஒரே சொல் மூன்று வேறு இடங்களில் நிற்கிறது. கேட்பவருக்குத் தீர்மானத்தில் கிடைக்கும் சிலிர்ப்பே இதுதான்: சொல் மாறவில்லை, கையோடு அதன் உறவு மாறிக்கொண்டே வந்து, கடைசியில் சமத்தில் ஒன்றாகிறது. கை படத்தில் இல்லையென்றால் இந்த உறவே தெரியாது. மூன்று முறை ததிகிணதொம் சொன்னார் என்பது மட்டும்தான் தெரியும்.

அந்த இரண்டு மாத்திரைக் கடனை எப்படி அடைக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சிலர் மூன்றாம் முறையை வேகமாக்கி அமுக்குவார்கள். அது காதுக்கே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். பலர் கையை நிறுத்துவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. வாய் முடியும்வரை கடைசி வீச்சைக் கை தானாகவே கொஞ்சம் நீட்டிக்கொள்ளும், வாய் முடிந்ததும் சமத்தில் கம்பீரமாக விழும். பார்ப்பவர் கைதட்டிவிடுவார். வாய்க்குக் கை வளைந்து கொடுத்துவிட்டது. இப்படி ஒரு மாதம் பழகினால் அதுவே அந்தத் தீர்மானத்தின் வடிவமாக உடம்பில் பதிந்துவிடும். பிறகு மிருதங்கத்தோடு சேர்ந்து சொல்லும் நாளில், தான் சரியாகச் சொன்னதாகவும் மிருதங்கக்காரர்தான் இடத்தை முந்திவிட்டதாகவும் உறுதியாக நம்புவார்.

இரண்டு மாத்திரைக் கார்வைதான் வேண்டும் என்றால் தாராளமாக வைக்கலாம், அது நல்ல தீர்மானமே. சொல் 18, கார்வை 4, மொத்தம் 22. அப்போது எடுக்கும் இடம் 11, மோதிரவிரலின் அரையில். மூன்று முறையும் 11, 19, 27 என்று அரையிடங்களிலேயே விழும். இதையும் முன்னதையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுவது மிக நல்ல பயிற்சி. ஒன்று விரலில் எடுத்து இடம் மாறிக்கொண்டே போவது, மற்றது அரையில் எடுத்து அரையிலேயே நிற்பது. இரண்டின் வித்தியாசம் உள்ளங்கையில் தெரிய ஆரம்பித்த பிறகு கார்வையை எண்ண வேண்டியிருக்காது.

பழகும்போது முதலில் சொல்லை விட்டுவிட்டு, மூன்று எடுப்புகளை மட்டும் 'தாம்' என்று சொல்லுங்கள்: 13-இல் ஒன்று, 20-இல் ஒன்று, 27-இல் ஒன்று, சமத்தில் ஒன்று. நடுவில் வாய் மூடியிருக்க வேண்டும், கை போக வேண்டும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் வைத்துக்கொண்டால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு வினாடி. இருபது ஆவர்த்தனம் இப்படிச் சொன்ன பிறகு சொல்லை நிரப்பினால், சொல் அந்த நான்கு ஆணிகளில் தொங்கிக்கொள்ளும். மூச்சையும் இங்கேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் ஒரு மாத்திரைக் கார்வை என்பது கால் வினாடி. அதில் மூச்சு இழுக்க முயன்றால் கார்வை நீளும், வீச்சின் மேல் போய் விழும். நடுவிரலுக்கு முன்பே, மோதிரவிரலில் இழுத்துக்கொண்டால் தீர்மானம் முழுவதும் ஐந்து வினாடிதான், ஒரே மூச்சில் தாராளமாக வரும். கார்வை நீண்டுபோகிற பலருக்கு உண்மையான காரணம் கணக்குத் தெரியாதது அல்ல, மூச்சுத் திட்டமிடாததுதான்.

நடை மாறும் இடம்

இதே நோய் நடை மாற்றத்தில் வேறு உருவத்தில் வரும். சதுஸ்ரத்தில் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, அட்சரத்துக்கு மூன்றாகப் போகும் திஸ்ரத்துக்கு மாறும்போது கை மாறக் கூடாது, வாய்தான் மாற வேண்டும். அட்சரம் 60 என்றால் சதுஸ்ரத்தில் வாய் நிமிடத்துக்கு 240 எழுத்து சொல்லிக்கொண்டிருக்கிறது. திஸ்ரத்தில் 180 ஆக வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் அகல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்கு அகல்வது கடினம். அது 240-லேயே நின்றுகொண்டு மூன்று மூன்றாகப் பிரிக்கும். கை அதைத் தொடர்ந்து போனால் அட்சரம் 80 ஆகிவிடும், தாளம் ஓடிவிட்டது. அட்சரத்துக்கு ஐந்தாகப் போகும் கண்டத்துக்கு மாறும்போது இதற்கு நேர் எதிர்: வாய் 300-க்கு ஏற வேண்டும், ஏறாமல் 240-லேயே ஐந்து ஐந்தாகச் சொன்னால் அட்சரம் 48-க்கு இறங்கிவிடும், தாளம் இழுத்துவிட்டது. திஸ்ரத்தில் ஓடுகிறவரும் கண்டத்தில் இழுக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருப்பது இதனால்தான். நடையை மாற்றாமல் நடைக்கேற்பக் கையை மாற்றுகிறார். முன்னே சொன்ன சதுஸ்ர நடைக்குள் வரும் தகிட வேறு, திஸ்ர நடையில் வரும் தகிட வேறு. கை அசையாமல் இருந்தால்தான் இந்த வேறுபாட்டுக்கே பொருள்.

இதற்கு மருந்து, இரண்டு நடைக்கும் நடுவில் ஒரு ஆவர்த்தனத்தைக் காலியாக விடுவது. தகதிமி இரண்டு ஆவர்த்தனம். அடுத்து அட்சரத்துக்கு ஒரு 'தாம்' மட்டும் வைத்து ஒரு ஆவர்த்தனம். அதற்குப் பிறகு தகிட இரண்டு ஆவர்த்தனம். அந்தக் காலி ஆவர்த்தனத்தில் வாயின் பழைய ஓட்டம் அடங்கிவிடும், கையின் காலம் மட்டும் மிஞ்சும். கொஞ்ச நாளில் அதை நான்கு அட்சரமாகக் குறைக்கலாம், பிறகு இரண்டாக, கடைசியில் இல்லாமலே. மெட்ரோனோம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கையை விட்டுவிட்டு மெட்ரோனோமை மட்டும் வைத்துக்கொள்வதால் பயனில்லை, அப்போது தாளம் வெளியே இருக்கிறது, உடம்பில் இல்லை. ஏழாகப் போகும் மிஸ்ரமும் ஒன்பதாகப் போகும் சங்கீர்ணமும் இதே வழிதான், ஆனால் திஸ்ரமும் கண்டமும் ஆடாமல் வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கையின் தோற்றத்தையும் கவனிக்க வேண்டும். தட்டு எப்போதும் ஒரே உயரத்திலிருந்து இறங்க வேண்டும். வாய் மேல்காலம் போகும்போது கை மேலே தூக்கி ஓங்கி அடிக்கும் பழக்கம் பலருக்கு வருகிறது. உயரம் கூடினால் தூரம் கூடும், தூரம் கூடினால் தட்டு தாமதமாகும், அல்லது தாமதமாகிவிடுமோ என்று முன்னதாகவே விழும். விரல் எண்ணும்போது தொடையில் விரல் மெல்லப் பட வேண்டும். காற்றிலேயே விரலை மடக்கிவிட்டுப் போனால் அந்த மூன்று அட்சரமும் தட்டை விடக் குறுகிப்போகும், அதுவும் நடுவிரல் எப்போதும் அவசரப்படும். நாம் பார்த்த தீர்மானம் அந்த நடுவிரலில்தான் எடுக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டோடு சேரும்போது இன்னொரு படி. ஆதி தாளத்தில் எத்தனையோ கீர்த்தனைகள் சமத்தில் எடுப்பதில்லை (தொடங்குவதில்லை), அரையிடத்தில், அதாவது சமத்துக்கு இரண்டு மாத்திரை தள்ளி எடுக்கின்றன. அதே 20 மாத்திரைத் தீர்மானத்தை அங்கே கொண்டு சேர்க்க வேண்டுமானால் எடுப்பு 15-க்குத் தள்ளும், நடுவிரலின் அரையில். மூன்று முறையும் 15, 22, 29 என்று விழும். இப்போது மூன்றாவது மட்டும் கடைசி வீச்சின் மேல் வருகிறது, சொல் சமத்தைத் தாண்டிப் போய்ப் பாட்டின் எடுப்பில் முடிகிறது. சமம் சொல்லின் நடுவே கடந்துபோகும்போது வாய் அங்கே அழுத்தவும் கூடாது, கை அங்கே தயங்கவும் கூடாது. சமத்திலேயே முடித்துப் பழகியவர்களுக்கு இங்கே கை ஒரு நொடி திகைக்கும். இதைத் தனியாக எடுத்துப் பழக வேண்டும். சம எடுப்பு வருவதால் அரையிடமும் தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது.

காணொளி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியை நாலடி, ஐந்தடி தள்ளி வையுங்கள். தொடை முழுக்கத் தெரியட்டும். முகம் கொஞ்சம் சின்னதாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. எடுத்த பிறகு முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். தீர்மானம் எந்த இடத்தில் தொடங்குகிறது, கார்வை எங்கே வருகிறது, நடை எங்கே மாறுகிறது என்பதெல்லாம் கையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தால் அதை வெளியிட வேண்டாம், அந்தக் கை வாய்க்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. வாய் என்ன சொல்கிறதென்று கையைப் பார்த்து எதுவுமே தெரியவில்லை என்றால், சத்தத்தைத் திறந்து கேளுங்கள்.